வாய்தா வாங்கிக்கங்க மாப்ளே

பதறாதீங்க மாப்ளே. திண்ணையில உக்காந்து மொதல்ல மோரைக் குடிங்க. விளையாட்டுக் கமிட்டிப் பொருளாளருன்னா நாலு பேரு நாலு விதமாத்தான் பேசுவாக. அந்தப் பய அப்படி என்ன செஞ்சுபுட்டான்? பொங்கலுக்கு நடத்துன எழுவர் கால்பந்துக்குக் கோப்பை வாங்குன பில்லைப் படம் பிடிச்சு ஊர் வாட்ஸ்அப் குரூப்புல போட்டான். நீங்க அவனைக் குரூப்ப விட்டே தூக்கிட்டீக. அவன் போட்டப்ப பாத்தது நாலு பேரு. தூக்குனப்புறம், "ஏன் தூக்குனாக?"ன்னு கேட்டுக்கிட்டே புதுவயல் வரைக்கும் பாத்துட்டாக.

நானும் பாத்தேன். பேத்தி ரெண்டு விரலால இழுத்துப் பெருசாக்கிக் காட்டினா. காரைக்குடிக் கடை பில்லு, ரோஸ் கலர் காப்பி. கார்பன்ல விழுந்த எழுத்தெல்லாம் ஊதாவா மங்கிக் கெடக்கு, ஒரே ஒரு எண்ணு மட்டும் பளிச்சுன்னு நீல பால்பாயிண்டுல நிக்குது. 8,500. எட்டு எழுதுறவன் மேல ஆரம்பிச்சு ஒரே இழுப்புல சுழிச்சு முடிப்பான். இது அப்படிப் பொறந்த எட்டு இல்ல. மூணுக்கு இடது பக்கமா ரெண்டு வேலி கட்டி எட்டாக்குனது. செட்டியார் கடையில பேரேடு எழுதி விரல் காய்ச்சுப்போன ஆளு நானு, எனக்குத் தெரியாதா? கீழ "எழுத்தால்"னு ஒரு கோடு இருக்கு பாருங்க, அதுல இன்னும் மூவாயிரத்து ஐநூறுன்னுதான் இருக்கு. அங்க வேலி கட்ட இடம் பத்தல போல.

அட, அதுக்கு ஏன் தலையக் குனியிறீக? நான் குத்தம் சொல்லவா கூப்பிட்டேன்? செஞ்சதைப் பத்தி எனக்கென்ன. மறைக்கிறதை இப்படி அவசரக்குடுக்கையாச் செய்யிறீகளேன்னுதான் வருத்தமா இருக்கு. அதுக்கும் ஒரு படிப்பு இருக்கு மாப்ளே. பந்து உதைக்கிற தொழில்லயே அதைக் கரைச்சுக் குடிச்ச பெரியவுக உலகம் பூரா இருக்காக. பேத்தி சென்னையில சட்டம் படிக்கிறா, லீவுக்கு வந்தா எனக்கு எல்லாம் வாசிச்சுக் காட்டுவா. நீங்க என் தங்கச்சி மக புருஷன், உங்களுக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப்போறேன்?

குரூப்ப விட்டுத் தூக்குறது பழைய வைத்தியம். ஃபிஃபாவே செஞ்சு பாத்துட்டு விட்டுருச்சு. ஆண்ட்ரூ ஜென்னிங்ஸ்னு ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகைக்காரரு. தலைமுடியும் சட்டையும் கலைஞ்சு கெடக்கும், எங்க போனாலும் ஏடாகூடமாக் கேப்பாரு. ஃபிஃபாத் தலைவர் பிளாட்டரைப் பாத்து, லஞ்சம் வாங்கினதுண்டான்னு கூட்டத்துல வச்சே கேட்டவரு. பின்னால அவரு இனிமே எங்க பத்திரிகையாளர் கூட்டத்துக்கே வரக்கூடாதுன்னு கதவைச் சாத்தினாக. 2006ல அவரு புத்தகம் போட்டப்ப அதையும் வெளிய வரவிடாமப் பண்ண கோர்ட்டுக்குப் போனாக. உள்ள விடலைன்னதும் மனுசன் வெளிய நின்னே பேப்பரைச் சேத்தாரு. சேத்ததை அமெரிக்கப் போலீசுகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தாரு. பின்னால என்ன நடந்துச்சு? 2015 மே 27, சூரிச் ஊருல பாவ்ர் ஓ லாக்னு ஒரு ராசா ஓட்டல். விடியக்காலம் போலீசு புகுந்து ஏழு பேரைப் புடிச்சுச்சு. 24 வருசமா 15 கோடி டாலருக்கு மேல லஞ்சம் கைமாறியிருக்குன்னு அமெரிக்காவுல குற்றப்பத்திரிகை.

அந்த ஓட்டல்ல நடந்த ஒண்ணுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. புடிச்சவுகளை வெளிய கூட்டிட்டு வர்றப்போ, படம் எடுக்கிறவன் கண்ணுல பட்டுறக்கூடாதுன்னு ஓட்டல் பணியாளுக வெள்ளைப் படுக்கை விரிப்பை ரெண்டு பக்கமும் தூக்கிப் புடிச்சாக. விரிப்பைப் புடிச்ச படம்தான் மறுநாள் உலகம் பூரா வந்துச்சு. நீங்க குரூப்புல செஞ்சது இதைத்தான். விரிப்பு மட்டும் சிறுசு.

இந்த ஃபிஃபாக் கூட்டத்துல ஒருத்தருக்கு நியூயார்க்ல, ட்ரம்ப் டவர்ல ரெண்டு வீடாம். ஒண்ணு அவருக்கு. மாசம் 6,000 டாலர் வாடகையில இன்னொண்ணு பெரும்பாலும் அவரு வளத்த பூனைகளுக்குன்னு பேப்பர்ல வந்துச்சு. சக் பிளேஸர்னு பேரு. நம்ம வளவுல பூனை பட்டாலையில படுத்தாலே ஆச்சி வெளக்குமாத்தைத் தூக்குவாக. சரி, விடுங்க.

அப்பறம் ரெண்டாம் பாடம். இது கொஞ்சம் உசத்தி. நீங்களே ஒரு விசாரணை வைக்கணும். ஃபிஃபா வச்சுச்சு. 2018, 2022 உலகக்கோப்பைகளை ரஷ்யாவுக்கும் கத்தாருக்கும் கொடுத்ததுல கோல்மால்னு ஊரே பேசினப்போ, மைக்கேல் கார்சியான்னு பழைய அமெரிக்க அரசு வக்கீலைக் கூப்பிட்டு, "நல்லா விசாரிங்க"ன்னாக. மனுசன் நெசமாவே விசாரிச்சுட்டாரு. அங்கதான் தப்பாப்போச்சு. 2014 செப்டம்பர்ல 400 பக்கத்துக்கு மேல அறிக்கை கொடுத்தாரு. ஃபிஃபா அதைப் பெட்டகத்துல வச்சுப் பூட்டிட்டு, நவம்பர்ல 42 பக்கத்துல ஒரு சுருக்கத்தை வெளியிட்டுச்சு. நான் எழுதினது இது இல்லைன்னு கார்சியாவே மறுத்துட்டு, டிசம்பர்ல ராஜினாமாப் பண்ணிட்டுப் போயிட்டாரு.

அந்தச் சுருக்கத்துல ஒரு ரத்தினம் இருக்கு மாப்ளே. ரஷ்யாக்காரவுக பயன்படுத்துன கம்ப்யூட்டர் எங்கன்னு கேட்டிருக்காக. அது வாடகைக் கம்ப்யூட்டராம். வேலை முடிஞ்சதும் சொந்தக்காரன்கிட்ட திருப்பிக் கொடுத்தாச்சாம். அவன் அதை அழிச்சுட்டானாம். எப்படி? நம்ம கமிட்டி வரவு செலவு நோட்டை நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்க என்ன சொல்லணும்னு வெளங்குதா?

முழு அறிக்கை எப்ப வெளிய வந்துச்சு தெரியுமா? 2017 ஜூன்ல. அதுவும் பில்டுன்னு ஜெர்மன் பேப்பருக்காரன் கையில எங்கிருந்தோ கெடச்சு, அவன் போடப்போறான்னு தெரிஞ்சப்புறம்தான் ஃபிஃபா தானே போட்டுச்சு. அதுக்குள்ள ரஷ்யாவுல மைதானம் எழும்பிருச்சு, கத்தார்ல அஸ்திவாரம் விழுந்துருச்சு. இனிமே கோப்பையை யாரு எடம் மாத்துறது?

இங்கதான் காதைக் கொடுங்க. பெரியவுக யாரும் செய்தியை ஒரேயடியா அழிக்கப் பாக்கிறதில்ல. அது ஆகாதுன்னு அவுகளுக்கு நம்மளைவிட நல்லாத் தெரியும். அவுக வாங்குறது வாய்தா. கடன்காரன் முறியை எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நின்னா, வாங்கவே இல்லைன்னு சொல்றவன் முட்டாளு. "தை பொறக்கட்டும் அண்ணே"ம்பான் தெறமைசாலி. தை பொறக்குறதுக்குள்ள மாட்டை வித்து, வயலை மச்சினன் பேருக்கு மாத்தி எழுதிருவான். கணக்கெழுதுற காலத்துல இந்தத் தெறமைசாலிகளை நான் எத்தனை பாத்திருக்கேன். ஆனா எங்க கடையில வாய்தாவுக்கு வட்டி உண்டு. செய்தியை நிறுத்தி வைக்கிறவனுக்கு அந்த வட்டி கெடையாது. அந்த ஒரு சலுகைக்காகத்தான் இந்தத் தொழிலு இவ்வளவு செழிப்பா நடக்குது.

டெல்லியில நடந்ததைப் பாருங்க. கத்தார் உலகக்கோப்பை ஊழலைப் பத்தி எழுதினவுக, பேசினவுக மின்னஞ்சலுக்குள்ளயெல்லாம் குர்கான்ல இருந்த ஒரு கும்பல் காசு வாங்கிட்டுப் புகுந்துச்சுன்னு 2022 நவம்பர்ல லண்டன் சண்டே டைம்ஸ் எழுதுச்சு. பழைய ஆட்டக்காரர் மிஷல் பிளாட்டினி பேரும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சாம். எங்களுக்குச் சம்பந்தமில்லைன்னு கத்தார் மறுத்துருச்சு. இந்த "கூலிக்குத் திருட்டுச்சாவி" தொழிலு நம்ம நாட்டுல எப்படி மொளைச்சு வளந்துச்சுன்னு அடுத்த வருசம் ராய்ட்டர்ஸ் ஒரு நீளக் கட்டுரை போட்டுச்சு. அதுல ஆப்பின்னு ஒரு டெல்லிக் கம்பெனியோட கதை. சம்பந்தப்பட்டவுக மறுத்தாக. அந்தப் பேரு வச்ச பயிற்சி மையங்களோட சங்கம் ஒண்ணு கோர்ட்டுக்குப் போச்சு. 2023 டிசம்பர் 4 அன்னைக்கு டெல்லிக் கோர்ட்டு, கட்டுரையை எறக்குங்கன்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. ராய்ட்டர்ஸ் எறக்கிட்டு அப்பீல் பண்ணுச்சு. அதைப் பத்தி எழுதின அமெரிக்க வலைத்தளங்களுக்கும் வக்கீல் நோட்டீசு பறந்துச்சு. அடுத்த வருசம் அக்டோபர்ல கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து பண்ணுச்சு, கட்டுரை பழையபடி ஏறுச்சு.

ஆக, டிசம்பர்ல இருந்து அக்டோபர் வரைக்கும் வாய்தா. கட்டுரை பொய்யின்னு கடைசி வரைக்கும் யாரும் தீர்ப்புச் சொல்லல. சொல்லவேண்டிய அவசியமே வரல. இடைக்கால உத்தரவோட அருமை அதுல இருக்கு. விசாரணை முடியிறதுக்கு முன்னாலயே தண்டனை தொடங்கிரும். குத்தவாளி யாருன்னு பின்னால மெதுவாப் பாத்துக்கலாம்.

நம்ம கோர்ட்டுல இன்னொரு வேடிக்கையும் இருக்கு. ஆளு யாருன்னே தெரியாம வழக்குப் போடலாம். அமெரிக்காவுல அந்தத் தெரியாத ஆளுக்கு ஜான் டோன்னு பேரு வைப்பாக, இங்க அசோக் குமாரு. 2014 பிரேசில் உலகக்கோப்பை அப்ப, ஒளிபரப்பு உரிமை வாங்கியிருந்த சோனிக் கம்பெனி, திருட்டுத்தனமா ஆட்டத்தைக் காட்டுறாகன்னு டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போச்சு. 472 வலைத்தளத்தை அடைன்னு உத்தரவு. அந்தப் பட்டியல்ல கூகுள் டாக்ஸும் இருந்துச்சு! பள்ளிக்கூடத்துப் புள்ளைக பாடம் எழுதி வைக்கிற எடம் மாப்ளே அது. கூச்சல் வந்தப்புறம் பட்டியலை 219ஆக் கொறைச்சாக. ஸ்பெயின்ல 2025ல இருந்து லா லிகா ஆட்டம் நடக்கிற நேரத்துல, திருட்டு ஒளிபரப்பைப் புடிக்கிறேன்னு கிளவுட்ஃபிளேர் முகவரிகளை மொத்தமா அடைக்கிறாக. பந்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத கடைக்காரன் தளமும் சேந்து படுத்துருது.

ஆட்டத்தைத் திருடிக் காட்டுனா ஒரே நாள்ல 472 கதவு சாத்துது. ஆட்டத்துல திருடுனவனைப் புடிக்க 24 வருசம் ஆகுது. உங்களுக்குத் தெம்பு வரட்டும்னுதான் இதைச் சொல்றேன்.

முன்னால கத்தார்னு சொன்னேன்ல, அதுல நம்ம பயலுக ஞாபகம் வருது. நம்ம சுத்துப்பட்டியில இருந்து எத்தனை பேரு அங்க கம்பி கட்டவும் கரண்டு வேலைக்கும் போயிருக்கான். தோஹா நியூஸ்னு அங்கயே ஒரு இணையப் பத்திரிகை. தொழிலாளி கஷ்டத்தையெல்லாம் எழுதிக்கிட்டிருந்துச்சு. 2016 நவம்பர் கடைசியில, அந்த நாட்டுல இருக்கிற ரெண்டு இணையக் கம்பெனியும் ஒரே நேரத்துல அதை அடைச்சுட்டாக. லைசென்ஸ் சரியில்லைன்னு அரசாங்கம் சொல்லுச்சு. வெளிநாட்டுல இருந்தா அந்தத் தளம் தெறந்துச்சு. அதாவது அப்ப வலையபட்டியில உக்காந்திருந்த என்னால படிக்கமுடிஞ்சுச்சு, தோஹாவுல மைதானத்துக்குக் கம்பி கட்டுனவனால படிக்கமுடியல. இதுல இருந்தும் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. பந்து வெளையாண்ட பயலுகளுக்கு மட்டும் கணக்கு தெரியாமப் பாத்துக்கங்க. மத்தவன் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப்போறான்?

உள்ளூர் சம்மேளனத்துக்கு வருவோம். நம்ம இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2022ல ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்கு முன்னால ஒரு ஜோசியக் கம்பெனிக்கு 16 லட்சம் ரூபாய் கொடுத்துச்சுன்னு செய்தி வந்துச்சு. அடுத்த வருசம் செப்டம்பர்ல, அப்பத்துக் கோச்சு இகோர் ஸ்டிமாச் ஆட்டக்காரவுக பட்டியலை ஜோசியருக்கு அனுப்பி யோசனை கேட்டாருன்னு இந்தியன் எக்ஸ்பிரஸ் போட்டுச்சு. ராகுகாலம் பாத்துக் கோல் போடுறதை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளையார்பட்டிக்குப் போயிட்டு வந்தா நூறு ரூபாய்ல முடிஞ்சிருக்கும், அவ்வளவுதான். 2024 மார்ச்சுல சம்மேளனத்தோட சட்ட ஆலோசகரே தலைவர் கல்யாண் சௌபே மேல பணக் கையாடல் மாதிரிப் புகார் சொன்னாரு. சௌபே மறுத்தாரு. ஆலோசகருக்கு வேலை போச்சு. நம்ம கமிட்டியில யாருக்கும் சம்பளம் கெடையாது, அதனால இந்த வைத்தியம் உங்களுக்குப் பத்தாது.

ஒரு ஆளை மட்டும் நான் மெச்சுவேன். வில்சன் ராஜ் பெருமாள். நம்மளவரு பேரு மாதிரி இருக்கேன்னு பாக்கிறீகளா? சிங்கப்பூர்த் தமிழர்தான். ஆட்டம் முடியிறதுக்கு முன்னாலயே முடிவைத் தீர்மானிக்கிறது அவரு தொழிலு. 2010 செப்டம்பர்ல டோகோ நாட்டு அணின்னு ஒரு கூட்டம் பஹ்ரைனுக்குப் போய் 3-0ன்னு தோத்துச்சு. நாங்க எந்த அணியையும் அனுப்பவே இல்லையேன்னுச்சு டோகோ! அந்த வேலையில இவரு கை இருந்துச்சு. அடுத்த வருசம் பின்லாந்துல பனி கொட்டுற ரோவனியெமி ஊருல மாட்டினாரு, ரெண்டு வருசம் தண்டனை. 2022ல நம்ம நாட்டுக் கிளப்புகள்லயும் இவரு சம்பந்தப்பட்ட பணம் நொழைஞ்சிருக்கான்னு சிபிஐ பாக்க ஆரம்பிச்சுச்சு. மெச்சுறது எதுக்குன்னா, 2014ல மனுசன் தான் செஞ்ச எல்லாத்தையும் தானே புத்தகமாப் போட்டுட்டாரு. திருடினவன் புத்தகம் கடையில விக்குது. திருட்டை விசாரிச்ச அறிக்கை அன்னைக்குப் பெட்டகத்துல பூட்டிக் கெடந்துச்சு. ரெண்டும் ஒரே வருசம்.

இப்ப உங்களுக்கு அரசாங்க வழியும் தெரிஞ்சிருக்கணும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 69ஏன்னு ஒரு பிரிவு. நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பிற நாட்டு உறவுன்னு காரணம் சொல்லி வலைத்தளத்தை அடைக்கலாம். 2009ல அதுக்கு விதி போட்டாக. 16ஆவது விதிப்படி யாரு புகார் சொன்னா, என்ன நடவடிக்கை எடுத்தாகங்கிறதெல்லாம் ரகசியம். 2025 பிப்ரவரி 15 ஞாபகம் இருக்கா? ஆனந்த விகடன் தளம் சாயங்காலத்துல இருந்து பலருக்குத் தெறக்கல. நானும் பேத்தி போன்ல தட்டித் தட்டிப் பாத்துட்டு, சிக்னல் இல்லைன்னு கண்மாய்க்கரை வரைக்கும் நடந்தேன். ட்ரம்ப்புக்குப் பக்கத்துல பிரதமர் வெலங்கோட உக்காந்திருக்கிற மாதிரி விகடன் பிளஸ்ல ஒரு கேலிப்படம். அமெரிக்காக்காரன் நம்ம ஆளுகளை வெலங்கு மாட்டி அனுப்பின சமயம் அது. படம் ஒண்ணு, பூட்டு மொத்தக் கடைக்கும். எங்களுக்கு எந்த உத்தரவும் வரலையேன்னாக விகடன்காரவுக. மார்ச் 6ல, படத்தை இப்போதைக்கு எடுத்துட்டா தளத்தைத் தெறந்துவிடுங்கன்னு சென்னை ஹைகோர்ட்டு சொல்லுச்சு.

1987ல இதே விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு, எம்எல்ஏ மந்திரிகளைக் கேலி பண்ணி அட்டையில ஒரு ஜோக்கு போட்டதுக்குச் சட்டசபையில மூணு மாசம் கடுங்காவல்னாக. ஊரே கொதிச்சதும் ரெண்டொரு நாள்ல விட்டுட்டாக. அப்பறம் கோர்ட்டு ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லுச்சு. ஆனா அப்ப யாரு செஞ்சா, எதுக்குச் செஞ்சாங்கிறது எல்லாருக்கும் தெரியும். சபையில எழுந்து நின்னு, பேரு சொல்லி, வெளிச்சத்துல செஞ்சாக. அந்த மட்டுக்கும் அந்தக் காலத்துக்காரவுக அசடு. இப்ப பக்கம் தெறக்கலைன்னா நெட்டு போச்சா, போன் பழசாப்போச்சா, அரசாங்கமான்னு நமக்கே வெளங்காது. சந்தேகத்துலயே ரெண்டு நாள் ஓடிரும். அதுவும் வாய்தாக் கணக்குல வரவு வச்சுக்கலாம்.

ஆக, உங்க காரியத்துக்கு வருவோம். அந்தப் பயலை இன்னைக்கே திரும்பவும் குரூப்புல சேத்துவிடுங்க. அவன் படத்துக்குக் கீழ ஒரு கும்பிடு போடுங்க. "தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்காரு, விசாரணைக் குழு அமைக்கப்படும்"னு எழுதுங்க. குழுவுல மூணு பேரு போதும். ஒருத்தரு சிங்கப்பூர்ல இருக்கணும், ஒருத்தருக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணியிருக்கணும். மூணாவது ஆளா நானே இருக்கேன். அறிக்கையை நாங்க ஆடியில கொடுப்போம். ஆடியில நல்ல காரியம் வேணாம்னு நீங்க ஆவணிக்குத் தள்ளுங்க. ஆவணியில கல்யாணம் வரும், ஐப்பசியில மழை வரும், மார்கழியில அடுத்த கோப்பைக்கு வசூல் நோட்டு அடிச்சிருவீக. புது ரசீது கைக்கு வந்துட்டா பழைய பில்லை எவன் கேப்பான்? அந்தப் பய கேப்பான், தெரியும். அவனை மைதானத்துக்குச் சுண்ணாம்பு போடுற பொறுப்புக்குப் போட்டுருங்க, பேரு நோட்டீசுல வரும்.

என்ன, எந்திரிச்சுட்டீக? மோரு மிச்சம் இருக்கே. போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. போன தையில கோப்பைக்குன்னு நானும் ஆயிரத்து ஒண்ணு கொடுத்தேன். கோயில் சுவத்துல நன்கொடைப் பட்டியல் ஒட்டுனீகள்ல, அதுல என் பேருக்கு நேரா நூத்தி ஒண்ணுன்னு இருக்கு. பணத்துக்காகச் சொல்லல மாப்ளே. ஒரு சைபர் கொறையுது. அது என்ன, வாடகைச் சைபரா? திருப்பிக் கொடுத்தாச்சா?